இருநூற்றுப் பதினான்கு நிமிடங்கள்

இந்த ஊருக்கு ஏஜாக்ஸ் என்று பெயர்.
ஆம்ஸ்டர்டாம் பக்கம் இல்லை, ஒன்ராறியோ.
ஒரு போர்க்கப்பலின் பெயரை வைத்தார்களாம்.
புதிதாய் வரும் பெற்றோருக்கு
இதைத்தான் முதலில் சொல்கிறேன்,
எதிர்பார்ப்பில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட.

நான் ஆடியது மொத்தம் பதினொரு ஆட்டம்.
ஒன்பதில் மாற்று வீரன்.
ஒருமுறை கூட்டிப் பார்த்தேன்:
இருநூற்றுப் பதினான்கு நிமிடங்கள்.
ஒரு நீளமான தமிழ்ப் படமும்
அதன் இடைவேளையும்.

இரண்டாம் தடவை முதல் பதினொருவரில் நின்றபோது
முப்பத்தெட்டாம் நிமிடம்.
யாரும் என்னைத் தொடவில்லை.
புல் காலைப் பிடித்துக்கொண்டது,
உடம்பு மட்டும் திரும்பியது.
முருங்கைக்காயை ஒடிக்கும்போது வருமே,
அந்தச் சத்தம்.
இருநூறு பேரில் ஒருவர் கைதட்டினார்,
எழுந்துவிடுவேன் என்று நினைத்து.

பிறகு விசில் வாங்கினேன்.
பிறகு உரிமப் பரீட்சை,
முதல் தடவை தோல்வி.
பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர், பதினான்கு, பதினாறு.
ஒரு நாள் கழிவறைச் சாவியைக் கையில் தந்தார்கள்,
அன்றிலிருந்து நான் அகடமி இயக்குநர்.

எங்கள் மைதானத்தைக் காற்றுத்தான் தூக்கி நிறுத்துகிறது.
வெள்ளைக் கூடாரம், சுழல்கதவு.
ஈரப்பனி விழுந்தால்
விடிகாலை மூன்று மணிக்குத் தொலைபேசி அடிக்கும்:
கூரை தொய்கிறது, கயிறு இழுக்க ஆள் வேண்டும்.
போவேன். முழங்கால் எனக்கு முன்பே
வானிலை சொல்லியிருக்கும்.

மார்ச்சில் பட்டியல்.
‘விடுவிக்கிறோம்’ என்று கடிதத்தில் எழுதுவோம்.
யாரும் சிறையில் இருக்கவில்லை.

கடிதம் போனாலும் நானே கூப்பிட்டுச் சொல்வேன்.
டரியுஷ் ஃபராஸ்மந்த், வயது பதினான்கு.
இடது கால் நல்லது. வேகம் இல்லை.
காலுறையைத் திருப்பித் தரவேண்டுமா என்று கேட்டான்.
வேண்டாம் என்றேன்.
அதற்குமேல் இருவரிடமும் சொல் இல்லை,
வைக்கவும் இல்லை.
அவன் வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள்.
நெடுநேரம் அதைக் கேட்டேன்.

போன செப்டெம்பர், ஓஷவாவில் ஆட்டம்.
எழுபதாவது நிமிடம்
ஓஃப்சைட் என்று கத்தினேன்,
கோட்டைத் தாண்டி இரண்டு அடி வைத்துக் கத்தினேன்.
நடுவர் ஓடிவந்தான்.
தாடி. கறுப்புச் சட்டை. மஞ்சள் அட்டை.
பெயர் எழுதப் புத்தகத்தை எடுத்தான்.

என் பெயர் செபநேசன்.
இந்த நாட்டில் ஒரு அறிவிப்பாளரும்
அதன் மறுகரையைத் தொட்டதில்லை.
சட்டை முதுகில் வெறும் ‘எஸ். நேசன்’.
பழக்கத்தில் எழுத்துக்கூட்ட வாய் திறந்தேன்.
அவன் எழுதி முடித்திருந்தான்.
தலைகீழாய் வாசித்தேன்,
ஒரு எழுத்தும் பிழையில்லை.

அப்போதுதான் கண்களைப் பார்த்தேன்.
“கோட்டுக்குப் பின்னால் போங்கள், கோச்.”
அவ்வளவுதான் சொன்னான்.

முதுகைக் காட்டி ஓடினான், தொலைதூர மூலைவரை,
பந்து போய்ச் சேருமுன்.
அந்த வேகம் எப்போது வந்தது?
பதினைந்திலா, பதினேழிலா?
பதினான்கில் யாருக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்றுதான்
சம்பளம் தருகிறார்கள்.

மூன்றுக்கு ஒன்று. தோற்றோம்.
வீட்டில் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
ஓஃப்சைட் இல்லை.

இன்றைக்கு மறுபடி மார்ச்.
மேசையில் ஒன்பது பெயர்.
யாரையும் இன்னும் கூப்பிடவில்லை.
ஏழாவது பெயரில்
‘ஹ’ வருமா வராதா என்று
பதிவுப் படிவத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
வெளியே விழத் தொடங்கியிருப்பது
ஈரப்பனி.